சளியக்காவின் மாத்திரை டப்பா

என் நாத்தனாருக்கு வாசனை தெரியாது. நல்ல வாசனையும் தெரியாது, நாற்றமும் தெரியாது. இதைக் கதையின் நடுவில் எங்காவது மறைத்துவைத்துச் சொன்னால் கேட்கிறவர்களுக்குச் சுவையாக இருக்கும் என்பார்கள். எனக்கு அந்த வித்தை வேண்டாம். அவள் மறைத்து வாழ்ந்ததே போதும், நான் வேறு எதற்கு மறைக்க வேண்டும்?

அவளுக்கு வேலை சமையல். பெரிய ஆஸ்பத்திரிக்குப் பின்னால் நர்ஸுகள் தங்கும் விடுதி ஒன்று இருக்கிறது. மூன்று மாடி. கீழே சமையலறை, சாப்பாட்டுக்கூடம், வார்டன் அம்மாவின் அறை. மேலே வரிசையாகப் பெண்கள் தூங்கும் அறைகள். எல்லா ஜன்னல் கம்பியிலும் வெள்ளை உடுப்பு காய்ந்துகொண்டிருக்கும். வேலைக்குப் போகிறவளும் வேலை முடிந்து வருகிறவளும் படிக்கட்டில் இடித்துக்கொண்டு, போகிறவள் வருகிறவளிடம் "என்னடி சாப்பாடு?" என்று கேட்பாள். அந்தச் சாப்பாட்டை ஆக்கிப்போட்டவள்தான் இவள்.

கட்டிக்கொடுத்த இடம் சரியில்லாமல், இடுப்பில் ஒரு பையனோடு அண்ணன் வீட்டுக்கு வந்தாள். அண்ணன் வீடு என்றால் என் வீடு. "தங்கச்சி இருக்கட்டும்" என்றார் என் வீட்டுக்காரர். "இருக்கட்டும், யார் வேண்டாம்னா? ஆனா மூலைல உக்காந்து சுவத்தைப் பாத்துட்டு இருக்கக் கூடாது" என்றேன் நான். அந்த விடுதியில் நான் அப்போதே காய் நறுக்கிக்கொண்டிருந்தேன். கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனேன். முதலில் பாத்திரம் தேய்த்தாள். அப்புறம் அரிசி களைந்தாள். மாஸ்டர் என்று எல்லோரும் கூப்பிடும் பழைய தலைமைச் சமையல்காரர் அவள் கையைப் பார்த்துவிட்டு, ஒருநாள் அகப்பையை நீட்டி, "கிண்டும்மா" என்றார். அன்றோடு அடுப்புக்கு வந்துவிட்டாள். எனக்குத் தெரிந்து அவள் முகம் மலர்ந்து நான் பார்த்தது அந்த அடுப்பின் முன்னால்தான்.

அப்புறம் ஒரு காய்ச்சல் வந்தது. படுத்த படுக்கையாய்க் கிடந்து எழுந்தாள். எழுந்தவளுக்கு உடம்பு திரும்பியது, மூக்கு திரும்பவில்லை.

வேலைக்குத் திரும்பிய முதல் நாளே பால் அடிப்பிடித்தது. கூடத்தில் உட்கார்ந்திருந்தவர்கள்கூட மூக்கைப் பொத்திக்கொண்டார்கள். அவள் அந்தப் பாலுக்குப் பக்கத்திலேயே நின்று வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள்.

"ஏம்மா, மூக்கை வீட்லயே கழட்டி வெச்சிட்டு வந்துட்டியா?" என்றார் மாஸ்டர்.

எல்லோரும் சிரித்தார்கள். அவளும் சேர்ந்து சிரித்தாள். "சளி மாஸ்டர்" என்றாள்.

அன்று வீட்டுக்கு வரும் வழியில், ஒரு கடையில் சோப்பு வாங்குகிறவள் போல நின்று ஒவ்வொரு சோப்பாக எடுத்து மூக்கில் வைத்துப் பார்த்தாள். கடைக்காரர் முறைத்தார். "எதுவும் வரல அண்ணி" என்றாள். "சளி விட்டதும் வரும்டி" என்றேன். சளி இருந்தால்தானே விடுவதற்கு.

மாஸ்டர் மூடியைத் திறப்பார், கண்ணை மூடுவார், ஒரு இழுப்பு இழுப்பார், "உப்பு பத்தல" என்பார். வாயில் வைத்தே பார்க்க மாட்டார். அவரைப் பார்த்துப் பார்த்துத் தொழில் கற்றவள் இவள். மூக்கு போய்விட்டால் தான் சமையல்காரியே இல்லை என்று அவளுக்குள் ஆணி அடித்தாற்போல் இறங்கிவிட்டது. உப்பு, புளிப்பு, இனிப்பு, காரம் எல்லாம் நாக்குக்குத் தெரிந்தது. எண்ணெய் காய்ந்த சத்தம் காதுக்குத் தெரிந்தது. பருப்பு வெந்தது கண்ணுக்குத் தெரிந்தது. இத்தனை தெரிந்தும், "நான் வேஷம் போடறேன் அண்ணி. என்னைக்காவது கண்டுபிடிச்சு வெளிய தள்ளிடுவாங்க" என்பாள். தள்ளினால் போவதற்கு அவளுக்கு வேறு இடமும் இல்லை, வேறு ஆசையும் இல்லை. அந்த அடுப்பு ஒன்றுதான்.

ஆகவே நான் அவளுக்கு மூக்கானேன்.

ஜன்னலோரம் குட்டை மணையில் உட்கார்ந்து காய் நறுக்குவேன். நான் ஒருமுறை இருமினால் தீயைக் குறைக்க வேண்டும். இரண்டு முறை இருமினால் இறக்கிவிட வேண்டும். கத்தியைப் பலகையில் தட்டினால், கெட்டுப்போயிற்று, கொட்டிவிட வேண்டும். இதை நாங்கள் உட்கார்ந்து பேசி முடிவு செய்யவில்லை. ஒருநாள் இருமினேன், அவள் புரிந்துகொண்டாள், அப்படியே வளர்ந்தது. மாஸ்டருக்குத் தெரியாது. மற்ற யாருக்கும் தெரியாது. அடுப்படியில் ஒருத்திக்கு எப்போதும் சளி, இன்னொருத்திக்கு எப்போதும் இருமல் என்று பெயர் ஆயிற்று. அவள் சளியக்கா, நான் இருமலக்கா.

இதில் கூத்து என்ன தெரியுமா? சமைத்துப்போடுவது நர்ஸுகளுக்கு. சளி என்று ஒருத்தி சொன்னால் அவர்கள் சும்மா இருப்பார்களா? தட்டை நீட்டும்போதே மாத்திரையையும் நீட்டுவார்கள்.

"சளியக்கா, இந்தச் சொட்டு மருந்தைப் படுக்கறதுக்கு முன்னாடி விட்டுக்கோங்க. காலைல மூக்கு சும்மா ரயில் போற சுரங்கம் மாதிரி ஆயிடும்."

"ஆவி பிடிச்சீங்களா? நான் சொன்னேன்ல?"

"இவ சொல்றதைக் கேக்காதீங்க, இவ எலும்பு வார்டு. நான்தான் காது மூக்கு தொண்டை."

எல்லாவற்றையும் வாங்கிக்கொள்வாள். "ரொம்ப நல்லா இருக்கும்மா, போன மாத்திரைல பாதி விட்டுடுச்சு" என்பாள். வீட்டில் ஒரு பெரிய பிஸ்கட் டப்பா வைத்திருந்தாள். அதில் போட்டு மூடுவாள். சிவப்பு, மஞ்சள், வெள்ளை, குழாய், சீசா. மருந்துக்கடைக்காரரே பார்த்தால் மலைத்துப்போவார். "தூக்கிப் போடேண்டி" என்றால், "அந்தப் பிள்ளைங்க ஆசையா குடுத்தது அண்ணி" என்பாள். ஒன்றைக்கூட விழுங்கியதில்லை.

விடுதியோடு நின்றதா? வீட்டுக்கு வந்தவர்கள் பூவை நீட்டினால் முகர்ந்து பார்த்து, "ஆகா" என்பாள். மழை பெய்து மண் நனைந்ததும் நான் ஜன்னலைத் திறந்தால், அவளும் பக்கத்தில் வந்து மூச்சை இழுத்துவிடுவாள். பையன் வளர்ந்து, கல்யாணமாகி, வேறு ஊரில் குடியிருந்தான். அவனுக்குக் குழந்தை பிறந்தபோது போயிருந்தோம். மருமகள் குழந்தையைக் கையில் கொடுத்தாள். உச்சி முகர்ந்தாள். "பால் வாசம் அடிக்குதுல்ல அத்தை?" என்றது அந்தப் பெண். "ஆமாம்மா, பால் வாசம்" என்றாள் இவள். திரும்பி வரும்போது பஸ்ஸில் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டவள், இறங்கும் வரை இந்தப் பக்கம் திரும்பவே இல்லை. நானும் கூப்பிடவில்லை.

மாஸ்டர் வயதாகி வேலையை விட்டுப் போனார். வார்டன் அம்மா இவளைக் கூப்பிட்டு, "இனிமே நீதான் தலைமை. சாவியைப் பிடி" என்றார்கள்.

"எனக்கு அதெல்லாம் வராதும்மா."

வெளியிலிருந்து ஒரு ஆளைக் கொண்டுவந்தார்கள். சாமான் எங்கே இருக்கிறது, யாருக்கு எது ஒத்துக்கொள்ளாது, எந்த அடுப்பு எத்தனை முரண்டு பிடிக்கும் என்று இவள்தான் சொல்லிக்கொடுத்தாள். அந்த ஆள் போனார். மறுபடி இவளைக் கேட்டார்கள். மறுபடி "வராதும்மா." இன்னொருவர் வந்தார், அவருக்கும் சொல்லிக்கொடுத்தாள். அவரும் போனார், மூன்றாவது ஒருவர் வந்தார். சோறு வடிப்பதிலிருந்து சண்டை தீர்ப்பது வரை செய்வது இவள், தலைமைச் சமையல் என்ற பெயர் வேறு யாருக்கோ. அவள் ஏன் மறுக்கிறாள் என்று எனக்குத் தெரியும். தலைமை என்றால் சந்தைக்குப் போய் மீனையும் கறியையும் முகர்ந்து பார்த்து எடுக்க வேண்டும். சந்தைக்கெல்லாம் நான் பின்னாலேயே போய் இருமிக்கொண்டிருக்க முடியாது. "விடுடி, நமக்கு இருக்கறது போதும்" என்றேன். வேறு என்ன சொல்வது?

பிறகு என் முட்டி வீங்கியது. குட்டை மணையில் உட்காரவே கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். நான் வீட்டோடு நின்றேன். அவள் தனியாகப் போனாள்.

அதிலிருந்துதான் அவள் வற்றத் தொடங்கினாள். மூக்கின் வேலையையும் கண்ணே செய்ய வேண்டும் என்றால் ஒரு நிமிஷம் அடுப்பை விட்டு நகர முடியாது. நல்ல பாலைக்கூடப் பயத்தில் சாக்கடையில் ஊற்றினாள். பாத்திரம் தேய்க்கிற பெண்ணை, உயரம் பார்த்து எல்லோரும் ஒட்டடைக்குச்சி என்று கூப்பிடுவார்கள், அவளைப் பிடித்து, "இதைக் கொஞ்சம் மோந்து பாருடி, எனக்கு மூக்கடைப்பு" என்று கெஞ்சுவாள். "எப்பதான்க்கா உங்களுக்கு விடும்?" என்று அவள் அலுத்துக்கொள்வாள். வீட்டுக்கு வந்தால் இவள் பிழிந்துபோட்ட துணி மாதிரி சுவரோரம் சாய்ந்துவிடுவாள். சாப்பிடக் கூப்பிட்டால், "மென்னு முழுங்கறதுக்கே தெம்பு இல்ல அண்ணி" என்பாள்.

மூன்றாவதாக வந்த ஆள் ஒருநாள் ராத்திரி யாருடனோ கோபித்துக்கொண்டு, கரண்டியை வீசிவிட்டுப் பாதி வேலையில் போய்விட்டார். அடுத்த ஆள் வரும் வரை சாவி இவளிடம். மறுநாள் விடியும்போது போய்க் கதவைத் திறந்தாள். மழை என்பதால் ஜன்னல்கள் எல்லாம் சாத்தியிருந்தன. பையை மாட்டினாள், தலையில் துணியைக் கட்டினாள், தேநீருக்குப் பாத்திரத்தை வைத்து, லைட்டரைக் கையில் எடுத்தாள்.

வாசலிலிருந்து ஒரு சத்தம். "அக்கா! பத்த வைக்காதீங்க!"

இரவு வேலை முடிந்து, வெந்நீர் கேட்க வந்த நர்ஸ். எந்தப் பெண் தன்னைக் காது மூக்கு தொண்டை என்று சொல்லிக்கொண்டாளோ, அதே பெண். முந்தானையால் மூக்கை மூடிக்கொண்டு உள்ளே ஓடினாள். கோபித்துக்கொண்டு போனவர் ஓர் அடுப்பின் திருகை முழுசாக மூடாமல் போயிருந்தார். அதை மூடி, ஜன்னல்களைத் தள்ளித் திறந்து, இவளைக் கையைப் பிடித்துத் தூறலில் வெளியே இழுத்துக்கொண்டு வந்தாள்.

"உள்ள கேஸ் நாத்தம் குடலைப் பிடுங்குது. எப்படிக்கா நின்னீங்க?"

"சளிம்மா" என்றாள் இவள். அந்த நேரத்திலும் வாயில் அதுதான் வந்தது.

"அடப்பாவமே. இவ்வளவு சளியோட ஏன் வேலைக்கு வர்றீங்க?" என்று சொல்லி, அந்தப் பெண் கைப்பையைத் திறந்து ஒரு மாத்திரை அட்டையை எடுத்து இவள் கையில் வைத்தாள்.

இவள் மேலே பார்த்தாளாம். மூன்று மாடி. எல்லா ஜன்னலிலும் நனைந்த வெள்ளை உடுப்பு. உள்ளே அத்தனை பேரும் தூங்கிக்கொண்டிருந்தார்கள்.

அன்று சமைத்துப் போட்டுவிட்டுத்தான் வீட்டுக்கு வந்தாள். அந்த அட்டையை டப்பாவில் போடவில்லை. மேஜை மேல் வைத்துவிட்டு எதிரில் உட்கார்ந்தாள். நடந்ததைச் சொன்னாள்.

"நாளைக்கு வார்டன் அம்மாகிட்ட சொல்லிடப் போறேன் அண்ணி."

"என்னன்னு?"

"எனக்கு மூக்கு இல்லன்னு."

"உனக்கென்ன கிறுக்கா? வாயை மூடிட்டு இரு. ரெண்டு நாள் போகட்டும், முட்டியைக் கட்டிட்டு நானே வர்றேன். பழையபடி இருமறேன்."

"நீங்க வர்றதுக்கு முன்னாடி யார் வந்து கதவைத் திறப்பா?"

"சேந்தே போவோம்."

"நீங்க போனதுக்கு அப்புறம்?"

"எங்கடி போறேன் நான்?"

நான் விடவில்லை. வேலை போய்விடும், இந்த வயதில் யார் அடுப்பைத் தருவார்கள், பையனிடம் போய் நிற்பாயா என்றெல்லாம் கேட்டேன். இன்றைக்குக் கேட்டாலும் அதையேதான் கேட்பேன். சொன்னதில் ஒரு வார்த்தைகூடத் தப்பில்லை. எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "எனக்குக் களைப்பா இருக்கு அண்ணி" என்றாள். "சமைக்கறதுல இல்ல. சமைச்சு எனக்கு என்னைக்கும் களைச்சதில்ல."

நான் முட்டிக்குக் கட்டத் துணி தேடினேன்.

மறுநாள் முட்டியைத் துணியால் இறுக்கிக் கட்டிக்கொண்டு நானும் கூடப் போனேன். தனியாகப் போனால் பாதியில் சளி என்று சொல்லித் திரும்பிவிடுவாளோ என்று பயம். வார்டன் அம்மாவின் அறையில் உட்கார்ந்தோம். அவள் மடியில் அந்த பிஸ்கட் டப்பா. வார்டன் அம்மாவும் சின்ன வயதில்லை. கண்ணாடியை நெற்றியில் ஏற்றிவிட்டு, ஒரு கையால் கழுத்தைப் பிடித்துவிட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள்.

"என்ன சளியக்கா, ரெண்டு பேருமா வந்திருக்கீங்க? லீவா?"

"சளி இல்லம்மா" என்றாள். "என்னைக்கும் சளி இருந்ததில்ல. எனக்கு வாசனை தெரியாது. அந்தக் காய்ச்சலுக்கு அப்புறம் தெரியாது. நேத்து கேஸும் எனக்குத் தெரியல."

வார்டன் அம்மா கண்ணாடியை இறக்கிப் போட்டுக்கொண்டார்கள். "எந்தக் காய்ச்சல்?"

"மாஸ்டர் இருந்தப்போ வந்துதே, அது."

"மாஸ்டர் இருந்தப்பவா!" கழுத்தைப் பிடித்திருந்த கையை எடுத்தார்கள். "அப்ப நாங்க இத்தனை வருஷமா சாப்பிட்டது?"

"அது நல்லாத்தான் இருந்துது" என்றேன் நான். சும்மா இருக்க முடியவில்லை.

"நீங்க இருங்க இருமலக்கா" என்று சொன்னவர்கள் சட்டென்று நிறுத்தி, என்னை மேலும் கீழும் பார்த்தார்கள். "உங்க இருமல்?"

"அதுவும் இல்லம்மா" என்றேன்.

அவர்கள் நெற்றியில் கையை வைத்துக்கொண்டார்கள். திட்டுவார்கள் என்று நினைத்தேன். திட்டத்தான் செய்தார்கள், உரக்கவே திட்டினார்கள். மேலே தூங்குகிற பெண்களுக்கு ஏதாவது ஆகியிருந்தால் யார் பதில் சொல்வது என்றார்கள். இவள் ஒவ்வொன்றுக்கும் "ஆமாம்மா" என்றாள். திட்டி முடித்து அவர்கள் தண்ணீர் குடித்தார்கள். இனி எழுந்து போ என்பார்கள் என்று நான் சுவரைப் பிடித்துக்கொண்டு எழுந்தேன். இவள் எழவில்லை.

"அம்மா, அந்தத் தலைமை வேலையை எனக்குக் குடுங்க."

எனக்குக் காது அடைத்துவிட்டதோ என்று நினைத்தேன்.

"என்ன சொன்னே?" என்றார்கள் வார்டன் அம்மா. "தட்டுல வெச்சுக் குடுத்தப்பல்லாம் வராது வராதுன்னே. இப்ப மூக்கே இல்லன்னு சொல்லிட்டு, அதே மூச்சுல கேக்கறியா?"

"ஆமாம்மா. அப்ப மறைக்கறதுக்கே ரெண்டு கையும் பத்தல. இப்ப கை சும்மா இருக்கு." டப்பாவை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். "முகர்றதுக்கு ஒரு ஆளைக் கூட வைங்க. ஒட்டடைக்குச்சி போதும். காலைல அவதான் முதல்ல உள்ள போவா. சந்தைக்கும் வருவா. மத்ததெல்லாம் நான் பாத்துக்கறேன். பாத்துட்டுத்தான இருக்கேன்?"

வார்டன் அம்மா வெகுநேரம் கழுத்தைப் பிடித்துவிட்டுக்கொண்டார்கள். "யோசிச்சுச் சொல்றேன். அதுவரைக்கும் தனியாக் கதவைத் திறந்தே, அவ்வளவுதான்" என்றார்கள்.

டப்பாவை அவள் சாப்பாட்டுக்கூடத்தில் கொண்டுபோய் வைத்தாள். காலைச் சாப்பாட்டுக்கு வந்தவர்களிடம் தானே சொன்னாள். சிலர் சிரித்தார்கள். சிலர் தட்டில் இருந்த முட்டையைச் சந்தேகமாகப் புரட்டிப் பார்த்தார்கள். சில பேர் கொஞ்ச நாள் வெளியில் வாங்கிச் சாப்பிட்டார்கள், அதையும் சொல்லத்தான் வேண்டும். காது மூக்கு தொண்டைப் பெண் டப்பாவைத் திறந்து பார்த்து, "அடிப்பாவி அக்கா, நான் குடுத்த சொட்டு மருந்து சீல்கூடப் பிரிக்கலையே!" என்று கத்தினாள்.

"எல்லாம் தேதி முடிஞ்சு போச்சும்மா. ஆசைப்பட்டு யாரும் தின்னுடாதீங்க" என்றாள் இவள்.

அந்தப் பெண்தான் கையோடு இழுத்துக்கொண்டு போய்ப் பெரிய டாக்டரிடம் காட்டினாள். அவர் விளக்கு அடித்துப் பார்த்தார், படம் எடுத்துப் பார்த்தார், "இனிமே வராதும்மா" என்றார். அவள் அதற்கு அழவில்லை. அவளுக்கு அது செய்தியே இல்லை.

யோசிக்கிறேன் என்ற வார்டன் அம்மா வேறு ஆளைத் தேடிப் பார்த்தார்கள். வந்து பார்த்த ஒருவர் சமையலறையைப் பார்த்துவிட்டுத் திரும்பியே வரவில்லை. கடைசியில் சாவி இவள் கைக்கே வந்தது. மாலை மரியாதை எதுவும் இல்லை. "சரி, நீயே பாரு. ஒட்டடைக்குச்சியை விடாத" என்றார்கள், அவ்வளவுதான். கேஸ் கசிந்தால் கத்துகிற மணி ஒன்றைச் சுவரில் மாட்டியிருக்கிறார்கள். காரணமே இல்லாமல் சிலநாள் கத்துமாம். "அதுக்கும் சளி போல" என்று பெண்கள் சிரிக்கிறார்களாம்.

வேலை குறைந்துவிட்டதா என்றால் இல்லை. கூடியிருக்கிறது. சந்தைக்குப் போக வேண்டும், கணக்குச் சொல்ல வேண்டும், கோபித்துக்கொள்கிறவர்களைச் சமாதானம் செய்ய வேண்டும். சளியக்கா என்ற பெயரும் போகவில்லை. சாயங்காலம் வீட்டுக்கு வரும்போது கால் இழுத்துக்கொண்டுதான் வருகிறது. சுவரோரம் சாய்கிறாள். ஆனால் சாப்பிடக் கூப்பிட்டால் எழுந்து வருகிறாள். அவளுக்கு மொறுமொறுவென்று இருப்பதுதான் பிடிக்குமாம். மற்றதெல்லாம் அவளுக்கு வாயில் ஒரே மாவாம். இத்தனை வருஷம் நான் குழைய வேகவைத்துப் போட்டதை, "பிரமாதம் அண்ணி" என்று சொல்லிச் சாப்பிட்டவள் இப்போது தட்டைத் தள்ளிவைக்கிறாள். "கொஞ்சம் கருக வறுத்துக் குடுங்க" என்கிறாள். ஆக்கிப்போட்டவளுக்கு அது கசக்கத்தான் செய்தது. வறுத்துத்தான் கொடுக்கிறேன்.

நேற்றுச் சாயங்காலம் பாலை அடுப்பில் வைத்துவிட்டுச் சுவரோரம் கண்ணை மூடிக்கொண்டாள். நான் கட்டிலில் முட்டிக்கு எண்ணெய் தடவிக்கொண்டிருந்தேன். பால் அடியில் பிடிக்கிற வாடை வந்தது. இருமினேன்.

அவள் கண்ணைத் திறக்கவில்லை. "அண்ணி, இருமாதீங்க. வாயால சொல்லுங்க."

"ஏன், இருமினா புரியாதா உனக்கு?"

"புரியும். வாயால சொல்லுங்க."

இன்னொரு முறை இருமினேன். பழகிப்போன தொண்டை, நான் என்ன செய்ய? அவள் அசையவில்லை. பால் பிடித்துக்கொண்டே இருந்தது.

"பால் தீயுதுடி" என்றேன்.

"இதோ" என்று சுவரைப் பிடித்துக்கொண்டு எழுந்து போனாள்.